எட்டு ஜாடி வெயில்

கைத்தானில் ஜூலை.
குளிர்நீர்க் குழாயைத் திறந்தால் வெந்நீர்.
வெந்நீர்க் குழாயைச்
செப்டம்பர் வரை யாரும் தொடுவதில்லை.

இங்கே இருந்துகொண்டு
கம்பளி நூலுக்குச் சாயம் போடப்போகிறேன் என்றதும்
யாதம்மா சிரித்தாள்,
மேல்கட்டில் ஆட ஆட.
சிரித்து ஓய்ந்தபின் கேட்டாள்:
யாருக்கு?

பெலவேந்திரனுக்கு.
ஷுவைக் மீன்கிடங்கில்
மைனஸ் இருபத்திரண்டில் பெட்டி அடுக்குகிறவனுக்கு.
வெளியே நாற்பத்தொன்பது.
நடுவே ஒரு கதவு.
எழுபத்தோரு டிகிரியை
ஒரு நாளில் எட்டு முறை தாண்டுகிறான்
என் வீட்டுக்காரன்.
வீடு என்று ஒன்று இல்லை;
அவனுக்கு அவன் கம்பெனி முகாம்,
எனக்கு இந்தக் கட்டில்.

நான் நாளெல்லாம் அபாயா தைக்கிறேன்.
கறுப்பில் கறுப்பு நூல்.
வாரக்கடைசியில் கண்
எதையாவது மஞ்சளாகப் பார்க்கக் கேட்கிறது.

வெள்ளிச் சந்தையில், ஆட்டுப்பட்டிக்குப் பின்னால்
எட்டுச் சிட்டம் வாங்கினேன்.
கையால் நூற்றது, முறுக்கு ஒரு சீரில்லை.
பிசுக்கும் முள்ளுமாக
அது இன்னும் ஆடுதான்.
அலசலாம், கசக்கக் கூடாது.
கசக்கினால் கோபித்துச் சுருண்டு
தோசைக்கல் துடைக்கும் துணியாகிவிடும்.

படிகாரம் முடிவெட்டும் கடையில் கிடைத்தது.
வெங்காயச் சருகு, கீழே கஃப்டீரியாவில் மூன்று பை;
சுபைர் காசு வாங்கவில்லை,
'இதில் என்ன கறி?' என்று மட்டும் கேட்டார்.
மாதுளந்தோலும் மஞ்சிட்டி வேரும் முபாரக்கியாவில்.
பொட்டலத்தைப் பிரிக்கும்போதே
விரல் சிவந்தது.

அறையில் அடுப்பு ஒன்று, பெண்கள் ஏழு.
ஆட்டு நாற்றத்துக்கு ஒருத்தியும் சம்மதிக்கவில்லை.
அதனால் மொட்டைமாடி.
அங்கே அடுப்பெதற்கு?
தண்ணீர்த் தொட்டிக்கு மேற்கே
ஊறுகாய் ஜாடி எட்டு.
கொதிக்கவிடாமல், ஆறவிடாமல்
மூன்று நாள் பக்குவமாக வேகவைத்தது வெயில்.

மூன்றாம் நாள் ஹாரிஸ் ஃபத்ஹி பார்த்துவிட்டார்.
செக்கச்சிவந்த ஜாடிகள், மூடிக்கடியில் நுரை.
இந்த நாட்டில்
மாடியில் ஒளித்துவைத்த சிவப்புத் தண்ணீருக்கு
ஒரே பெயர்தான்.
என் விமான டிக்கெட் வரை அவர் கண்ணில் தெரிந்தது.
எனக்கோ அளவெடுக்கிற அரபிதான்:
தோள், கை, நீளம், நாளைக்கு வா.
கம்பளிக்குச் சொல் வரவில்லை.
'மே' என்றேன்.
இன்னொரு தடவை, சத்தமாக.

மூடியைத் திறந்தார்.
முகர்ந்தார்.
நனைந்த கிழட்டுச் செம்மறி ஒன்று
மூக்குக்குள் முட்டியிருக்க வேண்டும்.
'யா ரப்!'
தும்மித் தும்மிப் படியிறங்கினார்.
இரண்டாம் மாடியிலிருந்து
அவர் 'மே' சொல்லிச் சிரித்தது எனக்குக் கேட்டது.

ஒரு ஜாடியின் மூடி துரு.
அதிலிருந்த மாதுளை மஞ்சள்
தூசிக்காற்றுக்கு முந்தைய வானம்போலச்
சாம்பலாகிவிட்டது.
எறிய மனமில்லை.
மஞ்சளுக்கும் சிவப்புக்கும் நடுவே
நாலு வரி பின்னிவிட்டேன்.

போன வெள்ளி, பஸ் நிறுத்தத்துக்கு
அதைப் போட்டுக்கொண்டே வந்தான்,
மடையன், அந்த வெயிலில்.
உள்ளே எல்லாருக்கும் ஒரே நீல ஜாக்கெட்,
முகமெல்லாம் மூடியிருக்கும்.
இப்போது ஃபோர்க்லிஃப்ட் மசூது
பனிப்புகைக்குள் தூரத்திலேயே கண்டுபிடித்து
'டேய் வெங்காயம், பத்தாம் வரிசை!' என்கிறாராம்.
சொல்லும்போது அவனுக்குப் பெருமை.

உறைந்து உறைந்து உருகுகிறதே,
சாயம் இறங்குகிறதா என்றேன்.
தொப்பியைத் தூக்கிக் காட்டினான்.
நெற்றியில் வியர்வை, வெறும் வியர்வை.
காதோரம் மட்டும் கொஞ்சம் சிவப்பு.
மஞ்சிட்டியா, கம்பளி அரிப்பா என்று
பஸ் வரும்வரை
தேய்த்துத் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.